வேகம் இருக்கு, பிங் ஏன் ஏறுது?

சென்னை ரிச்சி தெருவில் ரவுட்டர் கேட்டால் கண்ணில் முதலில் படுவது ஆண்டெனாக்கள்தான். நாலு, ஆறு, எட்டு என்று விறைத்து நிற்கும் கறுப்புக் கொம்புகள். அடுத்து, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ஓர் எண்: ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000, ஏஎக்ஸ்5400. எண் ஏற ஏற விலையும் ஏறும். பெரிய எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் பளிச்சென்று வருகிறது. மாலையானால் கதை வேறு. மகன் வேலோரன்ட் கேம் ஆடிக்கொண்டே "பிங் ஏறுது, யாரோ டவுன்லோடு போட்டிருக்கீங்க" என்று கத்துகிறான். அடுத்த அறையில் அம்மாவின் ஆபீஸ் மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. வேகத்துக்குக் காசு கொடுத்தாயிற்று. பிறகு ஏன் இந்த இழுவை?

முதலில் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஏஎக்ஸ்5400 என்பது ஒரு கூட்டல் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவின் உச்ச வேகம் 574 எம்பிபிஎஸ். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு 4,804. இரண்டையும் கூட்டி, வந்த 5,378-ஐ 5,400 ஆக்கிவிட்டார்கள். அந்த 4,804 கிடைக்க வேண்டுமானால் எதிர்முனையிலும் நாலு ஆண்டெனா இருக்க வேண்டும்; சாதாரண போனில் இருப்பது இரண்டு. ஏசி1200 என்ற பட்டத்தோடு விற்ற மலிவுப் பெட்டிகள் பலவற்றில் இன்னொரு வேடிக்கை. பின்பக்கத்து லேன் போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான்!

பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அச்சடிக்காத எண் ஒன்று உண்டு. அது தாமதம். கணினிக்காரர்கள் லேட்டன்சி என்பார்கள், கேம் ஆடுகிறவர்கள் பிங் என்பார்கள். ஒரு பாக்கெட், அதாவது இணையத்தில் தகவல் போகும் சின்னப் பொட்டலம், போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை வான்வழியில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம் என்பதால், போக வர 10 மில்லிசெகண்ட். கேபிள் வளைந்து போவதையும் வழியில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் 20, 30 வரலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மும்பை சர்வருக்குத் திடீரென்று 400 காட்டுகிறதே, கூடுதலாக வந்த அந்த 370 எங்கே போய் உட்கார்ந்திருந்தது? மும்பை ஒன்றும் நகர்ந்துவிடவில்லை.

பெரும்பாலும் வீட்டுக்குள்தான், அலமாரி மேல் பச்சை விளக்கு மினுக்கும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பிள்ளைகளின் புகார்

2010-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜிம் கெட்டிஸ் வீட்டிலும் இதே புகார்தான். 'இன்டர்நெட் ஸ்லோ' என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. யூனிக்ஸ் கணினித் திரைகளில் ஜன்னல்களைத் திறந்து வைத்த எக்ஸ் விண்டோ அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர், எச்டிடிபி 1.1 நெறிமுறையை எழுதியவர்களில் ஒருவர். அப்போது பெல் லேப்ஸில் வேலை. வீட்டிலிருந்து எம்ஐடி சர்வருக்குப் பழைய கோப்புகளை அனுப்பிக்கொண்டே பிங் போட்டுப் பார்த்தார். பக்கத்து ஊர் சர்வர், சில மில்லிசெகண்டில் பதில் வந்திருக்க வேண்டும். ஒரு செகண்டைத் தாண்டியது. கோப்பு அனுப்புவதை நிறுத்தினால் பிங் இறங்கிவிட்டது, தொடங்கினால் மறுபடி ஏறியது.

தோண்டிப் பார்த்ததில் கிடைத்த குற்றவாளி, மலிந்துபோன மெமரி சிப். பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்க ரவுட்டரிலும் மோடத்திலும் பஃபர் என்ற இடம் ஒதுக்குவது வழக்கம். மெமரி விலை சரியச் சரிய, 'ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது' என்ற நல்லெண்ணத்தில் கம்பெனிகள் அந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டே போய்விட்டன. வினை அதில்தான் வந்தது.

அது ஏன் என்று புரிய 1986-க்குப் போக வேண்டும். அந்த அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இணைப்பு படுத்துவிட்டது. இடையில் வெறும் 400 கெஜம் தூரம். 32,000 பிட் போன வழியில் செகண்டுக்கு 40 பிட் போனது. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் அதைப் பிரித்து மேய்ந்து 1988-ல் ஒரு மருந்து சொன்னார்: பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு, அனுப்புகிற கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். இன்றுவரை இணையம் பெருமளவில் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. அதாவது, பாக்கெட் தொலைவதுதான் எச்சரிக்கை மணி. எதையும் தொலைக்காத பெரிய பஃபர் அந்த மணியை அடிக்கவே விடுவதில்லை. அனுப்புகிறவர் 'வழி காலி' என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறார், வரிசை நீண்டுகொண்டே போகிறது.

கணக்காகவே பார்க்கலாம். பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸில் வெகுகாலம் இருந்த வழக்கமான வரிசை அளவு 1,000 பாக்கெட். ஒரு பாக்கெட் 1,500 பைட் என்றால் மொத்தம் 1.2 கோடி பிட். அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் உள்ள வீட்டில் அந்த வரிசை நிரம்பினால், கடைசியில் நிற்கும் பாக்கெட் வெளியே வர 1.2 செகண்ட். போனில் எடுத்த கல்யாண வீடியோ கூகுள் டிரைவுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, மகனின் துப்பாக்கிக் குண்டும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கிறது. கெட்டிஸ் இந்த நோய்க்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார்.

மருந்தும் அதே ஜேக்கப்சனிடமிருந்து வந்தது. 2012-ல் அவரும் கேத்லீன் நிக்கல்ஸும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்ப்பது அதன் சூட்சுமம். காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிசெகண்ட் தொடர்ந்தால் ஒரு பாக்கெட்டைத் தூக்கி எறிந்து மணியை அடித்துவிடும். அதே ஆண்டு எரிக் டூமாசே இதோடு தனித்தனி வரிசை என்ற யோசனையைச் சேர்த்து லினக்ஸுக்குள் எழுதினார். எஃப்க்யூ-கோடெல் என்று பெயர். மாத மளிகைப் பட்டியலோடு நிற்பவருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர் மாட்டிக்கொள்ளாமல், கடைக்காரரே எட்டிக் கையை நீட்டி அவரை அனுப்பிவைப்பது மாதிரி. கேம் பாக்கெட்டும் குரல் பாக்கெட்டும் தீப்பெட்டி ரகம்: சின்னவை, அவசரமானவை. 2018-ல் லினக்ஸ் 4.19 பதிப்பில் சேர்ந்த கேக் என்ற முறை இதன் அடுத்த படி.

எந்தப் பெட்டியை எடுப்பது?

மருந்து கிடைத்தாலும் அதை ஊற்ற ஒரு பெட்டி வேண்டுமே. கெட்டிஸோடு சேர்ந்து இந்த வேலையை இயக்கமாகவே நடத்திய டேவ் டாட் என்ற நிரலாளர், 2011 வாக்கில் செரோ டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளைத் தொடங்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வன்பொருள்தான் இந்தக் கட்டுரையின் மையமான பாடம். நெட்கியரின் டபிள்யூஎன்டிஆர்3700 இரண்டாம் பதிப்பும் அதன் தம்பி 3800-ம். 680 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர். 3700-ல் 64 எம்பி மெமரி, 3800-ல் 128. அன்றைக்கே அதைவிடப் பகட்டான பெட்டிகள் கடையில் இருந்தன.

இதை எடுத்த காரணம் உள்ளே இருந்த ஏதரோஸ் வைஃபை சிப். அதன் டிரைவரான ஏடிஎச்9கே முழுக்கத் திறந்த நிரல். பல சிப்களில் பாக்கெட் வரிசை, கம்பெனி பூட்டி வைத்திருக்கும் ஃபர்ம்வேருக்குள் இருக்கும். வெளியாள் தொட முடியாது. மேலே எவ்வளவு நல்ல மருந்தை ஊற்றினாலும் அடியில் அந்தப் பூட்டிய வரிசை பாக்கெட்டுகளைத் தேக்கிக்கொண்டுதான் இருக்கும். ஏடிஎச்9கே-யில் அந்தப் பூட்டு கிடையாது. செரோ டபிள்யூஆர்டியில் முயன்று பார்த்ததெல்லாம் பின்னால் லினக்ஸுக்கும், அங்கிருந்து உலகத்தின் ரவுட்டர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. டாட் 2025 ஏப்ரலில் காலமானார்.

வைஃபைக்கென்று தனியாக இன்னொரு நோயும் உண்டு. லேன் வயரில் போகிற வழி ஒருவருக்கே சொந்தம். காற்றில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டு, ஓய்ந்ததும் முறை பிடிக்க வேண்டும். 600 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் புது லேப்டாப்புக்கு 1,500 பைட் பாக்கெட்டை அனுப்ப வேண்டிய காற்று நேரம் 0.02 மில்லிசெகண்ட். மாடி ரூமில் சிக்னல் மங்கி 6 எம்பிபிஎஸ்ஸில் தடவும் பழைய போனுக்கு அதே பாக்கெட் 2 மில்லிசெகண்ட், நூறு மடங்கு. ஆளுக்கொரு பாக்கெட் என்று 'நியாயமாக'ப் பங்கிட்டால் காற்று முழுவதையும் அந்தப் பழைய போன் தின்றுவிடும். நல்ல லேப்டாப்பும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். 2003-லேயே ஆய்வாளர்கள் எழுதிவைத்த கோளாறு இது. 2017-ல் டோக்கே ஹொய்லண்ட்-யோர்கன்சன், டாட் உள்ளிட்ட குழு, பாக்கெட்டுக்குப் பதில் காற்று நேரத்தைச் சமமாகப் பங்கிட்டுக் காட்டியது. நெரிசலின்போது தாமதம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பல கருவிகள் சேர்ந்து ஓடும்போது மொத்த வேகம் ஐந்து மடங்கு வரை ஏறியது. சோதனைக் களம், மறுபடியும் ஏடிஎச்9கே.

ஆகவே வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உள்ளே என்ன சிப்? கடையில் பதில் வராது. ரவுட்டர்களுக்கான திறந்த மென்பொருளான ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டத்தின் வன்பொருள் பட்டியலில் மாடல் பெயரைத் தேடினால் வரும். இன்றைய நிலவரத்தில் மீடியாடெக் ஃபிலாஜிக் வரிசைச் சிப் உள்ள பெட்டிகளுக்கு நல்ல திறந்த டிரைவர் இருக்கிறது. பிராட்காம் வைஃபை சிப் வைத்த பெட்டி, அது எட்டுக் கொம்பு கேமிங் ரவுட்டராகவே இருந்தாலும், திறந்த மென்பொருளுக்குப் பெரும்பாலும் வாகாது. கம்பெனி கொடுத்த மென்பொருள் நன்றாக இருந்தால் பிழைத்தோம், இல்லையென்றால் அவ்வளவுதான்.

மாடல் பெயரோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணையும் படிக்க வேண்டும். லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல-கறுப்புப் பெட்டி 2002 டிசம்பரில் வந்தது. உள்ளே லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க, 2003-ல் அதன் நிரல் வெளியிடப்பட்டது. ஓப்பன் டபிள்யூஆர்டி பிறந்ததே அந்த நிரலிலிருந்துதான். பெயரில் இருக்கும் டபிள்யூஆர்டியும் அந்தப் பெட்டியுடையது. அதே பெயர், அதே நீலம், ஆனால் ஐந்தாம் பதிப்பில் மெமரி 16 எம்பியிலிருந்து 8 ஆனது, லினக்ஸும் போய்விட்டது. பழைய புகழைக் கேட்டு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். இப்படி உள்ளே ஆளை மாற்றும் வழக்கம் இன்றும் பல கம்பெனிகளில் உண்டு.

அடுத்தது பிராசஸர். பெட்டி ஜிகாபிட் வேகம் என்று சொல்லும்போது, பாக்கெட்டுகளைப் பிராசஸருக்குக் காட்டாமலே தனி வன்பொருள் வழியாகத் தாண்டவிடுகிறது. ஹார்டுவேர் ஆஃப்லோடு என்பது அதுதான். ஆனால் எஃப்க்யூ-கோடெல், கேக் முறைகளால் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதியைப் போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிராசஸர் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். எம்டி7621 மாதிரியான பழைய சிப், 880 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கோர், சில நூறு எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கும். இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கும் வீட்டுக்கு அந்தப் பழைய சிப்பே தாராளம். 500, 1,000 என்று போகிறவர்கள்தான் புது ஏஆர்எம் பிராசஸரைத் தேட வேண்டும். விலையுயர்ந்த பெட்டி வேண்டுமா என்பதைப் பிளான்தான் முடிவு செய்ய வேண்டும், பெருமை அல்ல.

எஸ்க்யூஎம்மில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. லைன் 100 என்றால் ரவுட்டரில் 90 அல்லது 95 என்று எழுத வேண்டும். காசு கொடுத்த வேகத்தில் பத்தை விட்டுக்கொடுப்பதா என்று கை நடுங்கும். விட்டுக்கொடுத்தால்தான் வரிசை கேபிள்காரர் கொடுத்த மோடத்துக்குள் சேராமல் நம் ரவுட்டரில் சேரும். இங்கே சேர்ந்தால் அடக்கிவைக்க ஆள் இருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை. ஃபைபர் லைனோடு வரும் ஓஎன்யூ பெட்டியே மோடம், ரவுட்டர், வைஃபை என்று மூன்று வேலையும் பார்க்கும். பல வீடுகளில் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள சிங்கிள் பேண்டு. மேற்பொருந்தாத சேனல் மூன்றே மூன்று, அபார்ட்மென்ட்டில் சுற்றிலும் இருபது வைஃபை, போதாததற்கு மைக்ரோவேவ் அவனும் அதே அலைவரிசையில். புது ரவுட்டர் வாங்கினால் அந்த ஓஎன்யூவை மோடம் வேலை மட்டும் பார்க்கும் பிரிட்ஜ் மோடில் போட்டு, லைனில் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டைப் புது ரவுட்டரில் கொடுக்கச் சொல்லி லைன்மேனிடம் கேட்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே கேட்பது உத்தமம். சிலர் மறுப்பார்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவுக்கு நிறைய இடம் கிடைத்தது 2018 அக்டோபரில்தான். வானிலை ரேடார் முதலியவற்றோடு பகிரும் டிஎஃப்எஸ் சேனல்களும் அதில் அடக்கம். அவற்றில் நுழையும் முன் ரவுட்டர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், நடுவில் ரேடார் சத்தம் கேட்டால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுவதற்கு இதுவும் ஒரு காரணம். 6 கிகாஹெர்ட்ஸை அமெரிக்கா 2020-ல் 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குத் திறந்துவிட்டது. இந்தியா 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகளில் இருந்தது 500. வைஃபை 7-ன் பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் அந்த 500-க்குள் மோதாமல் ஒன்றுதான் அடங்கும். வைஃபை 7 பெட்டிக்காக இரட்டிப்பு விலை கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.

பல பெட்டிகள் சேர்ந்த மெஷ் செட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாவது பெட்டி முதல் பெட்டியோடு வைஃபையில் பேசினால் ஒரே பாக்கெட் காற்றில் இரண்டு முறை போகிறது, தாமதமும் சேர்கிறது. மாடிக்கு ஒரு கேட்-6 வயரை இழுத்துப் பின்பக்கம் சொருகினால் மலிவு மெஷ்ஷும் ராஜாதான்.

25 மில்லிசெகண்டின் அருமை

கேம் ஆடுகிற பையன்களின் பிரச்சினைதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தொலைபேசிப் பேச்சில் ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க' என்று உபசரித்துக்கொண்டிருப்பார்கள். சங்கீதத்துக்குக் கெடு இன்னும் கடுமை. சேர்ந்து வாசிக்கும்போது தாமதம் சுமார் 25 மில்லிசெகண்டைத் தாண்டினால் லயம் இழுக்கத் தொடங்கும். மேடையில் எட்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் சத்தம் வந்து சேர ஆகும் நேரம் அது. கொரோனா காலத்து ஆன்லைன் பாட்டு வகுப்புகளில் குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாடாமல் மாறி மாறிப் பாடியது இதனால்தான். தொலைவிலிருந்தே சேர்ந்து வாசிக்கவென்று எழுதப்பட்ட ஜாமுலஸ் மென்பொருள், வைஃபையை விட்டு வயரைச் சொருகுங்கள் என்றே அறிவுறுத்துகிறது. அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவி, பிளேஸ்டேஷன், ஆபீஸ் கணினி மூன்றையும் வயரில் மாட்டினால், மிச்சமிருக்கும் காற்று முழுவதும் போன்களுக்கு.

பெட்டி வந்ததும் சோதிக்கச் செலவே இல்லை. ஒரு கணினியில் பிங் ஓடவிட்டு, இன்னொன்றில் பெரிய வீடியோவை டிரைவுக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். 20-லிருந்து 30 ஆனால் நல்ல பெட்டி. 300 ஆனால் எஸ்க்யூஎம்மைப் போட்டு மறுபடி பார்க்கலாம். அது இல்லாத பெட்டி என்றால் ரிட்டர்ன் நாள் முடியும் முன் கடைக்கே திருப்பலாம். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு 2021-லிருந்து நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. நெரிசலில் நிமிடத்துக்கு எத்தனை முறை போய்வர முடிகிறது என்று சொல்லும்; எண் பெரிதாக இருந்தால் நல்லது. ஆராய்ச்சியில் ஆசை உள்ளவர்களுக்கு ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டமே 2024 நவம்பரில் தன் பெயரில் ஒரு பெட்டி போட்டிருக்கிறது. ஃபிலாஜிக் 820 சிப், 1 ஜிபி மெமரி, வைஃபை 6. அப்போது விலை 89 டாலர். கொம்பு மூன்றுதான்.

இந்தச் சோதனையை முதலில் வயரில் செய்ய வேண்டும், பிறகு வைஃபையில். வயரில் நன்றாக இருந்து வைஃபையில் ஏறினால் கோளாறு காற்றில்: சேனலை மாற்றலாம், பெட்டியை லாஃப்ட்டிலிருந்து இறக்கி ஹாலின் நடுவுக்குக் கொண்டுவரலாம். வயரிலும், வீட்டில் யாரும் எதையும் தரவிறக்காத வேளையிலும், இரவு ஒன்பது மணிக்குப் பிங் ஏறிக் காலையில் இறங்குகிறது என்றால் நெரிசல் தெருவுக்கு அப்பால். ஃபைபர் லைனை ஒரு பேட்டையே பங்கிட்டுக்கொள்கிறது. எந்த ரவுட்டரும் அதைத் தீர்க்காது. ட்ரேஸ்ரூட் கட்டளை போட்டு, வழியில் எந்த இடத்தில் எண் குதிக்கிறது என்ற ஸ்க்ரீன்ஷாட்டோடு கேபிள்காரரிடம் போக வேண்டியதுதான்.